சூறாவளிக்குப் பிறகு கூரையில்லாமல் படம் ஓடியதா? மட்டக்களப்பு ஆட்கள் சொல்லுங்கள்

வாவிக்கரை:

வணக்கம். எழுபதுகளில் மட்டக்களப்பு டவுனில் படம் பார்த்த ஆட்கள் யாராவது இருந்தால் எங்கள் குடும்பத்து வழக்கு ஒன்றைத் தீர்த்து வையுங்கள்.

என் அம்மப்பா டவுனில் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டர். அறுபதுகளின் நடுவில் சேர்ந்தவர், 1985 வரை அதே அறைக்குள்தான் நின்றார். தியேட்டரின் பெயரைப் போடாதே என்று அம்மா சொல்லிவிட்டார், முதலாளி வீட்டு ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று. ஆனாலும் முன்னால் பெரிய வாகை மரம், கம்பி போட்ட டிக்கட் யன்னல், பக்கத்து ஒழுங்கையால் கலரிக்கு, அதாவது மலிவு டிக்கட் பகுதிக்கு, போகிற வாசல் என்றால் பழைய ஆட்களுக்கு விளங்கிவிடும். போன வருடம் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இடித்த அன்று அம்மா போய் ஒரு செங்கல் எடுத்து வந்து கிணற்றடியில் வைத்திருக்கிறார்.

வழக்கு இதுதான். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் தியேட்டரின் தகரக் கூரை முழுதாகப் பிய்த்துக்கொண்டு போனது. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கூரையே இல்லாமல், வானம் தெரியத் தெரியப் படம் ஓடியது, அம்மப்பா தன்னை மெசின் அறைக்குள் ஒரு ஸ்டூலில் ஏற்றி விட்டு அந்தச் சதுர ஓட்டையால் பார்க்க விட்டார் என்று அம்மா சொல்வார். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இப்போது கனடாவில் இருக்கிறார், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார். அவருக்கு அப்போது பதினொரு வயது. வளர்ந்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் அவர் பக்கம். "நீ கனவு கண்டிருப்பாய்" என்று ஒரு கலியாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை எடுப்பதே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அம்மப்பா 1996இல் காலமாகிவிட்டார். அவருடையது என்று எங்களிடம் இருப்பது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் செம்பு பூசிய கறுப்புக் குச்சித் துண்டுகள், விரல் நீளம்தான் இருக்கும், ஒரு நுனி எரிந்து கூராகியிருக்கும். தியேட்டருக்குள் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை.

கூரையில்லாமல் படம் பார்த்த ஆள் யாராவது இருக்கிறீர்களா?

சம்மாந்துறை நானா:

தங்கச்சி, உங்கள் உம்மாவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சூறாவளிக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. கம்பங்கள் எல்லாம் சரிந்து கிடந்தன. தென்னந்தோட்டம் என்று ஒன்று மிஞ்சவில்லை, மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் மூத்தம்மாவின் வீட்டுத் தகரம் வயலுக்குள் கிடந்து எடுத்தோம். அப்படியிருக்க டவுனில் படம் எப்படி ஓடியிருக்கும்?

தியேட்டர் ஆசை எனக்கும் பெரிய ஆசைதான். வாப்பா வேளாண்மை வெட்டிச் சூடு மிதித்து நெல் விற்ற பிறகுதான் எங்களுக்குப் படம். அதுவரை தேத்தண்ணிக் கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் திரை விருந்து நிகழ்ச்சியைக் கேட்பது. அவர் மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டே படத்தில் பாதியைப் பார்த்துவிட்ட மாதிரி இருக்கும். படம் அறுந்தால் "ஒப்பரேட்டர்!" என்று கத்துவோமே, அந்த ஆளுக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை. உங்கள் பதிவைப் படிக்கும்போது மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது.

பழைய ரீல்:

கரண்ட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எண்பதுகளில் அம்பாறைப் பக்கம் ஒரு தியேட்டரில் உதவி ஒப்பரேட்டராக இருந்தவன். கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டரில் ஓட்டலாம், நாங்களே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறோம். டீசல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். கூரையில்லாத இடத்தில் பகல் காட்சி மட்டும் முடியாது. இரண்டரைக் காட்சிக்குத் திரையில் வெயில்தான் விழும். உங்கள் அம்மா பார்த்தது இருட்டிய பிறகா என்று கேளுங்கள். வானத்தில் நட்சத்திரம் கண்டதாகச் சொன்னால் அவர் சொல்வது நடந்ததுதான்.

உங்கள் டின்னில் இருப்பவை கார்பன் குச்சிகள். அந்தக் காலத்து மெசினில் பல்ப் இல்லை. இரண்டு குச்சிகளை நுனிக்கு நுனி பார்த்த மாதிரிப் பூட்டிக் கரண்ட் கொடுத்தால் நடுவில் வெள்ளை வெளிச்சம் பற்றும், வெறும் கண்ணால் பார்க்க முடியாது, கறுப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஓட்டையால்தான் பார்ப்போம். குச்சி எரிய எரியக் குறையும். குறைகிற அளவுக்குக் கையால் திருகி இடைவெளியைச் சரியாக வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் திரை மஞ்சளாகும், அப்புறம் இருண்டுவிடும், கீழே விசில் பறக்கும். எரிந்து முடிந்த துண்டுகளைத்தான் அம்மப்பா வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார், நாங்களும் கொண்டு போவோம், பிள்ளைகள் அதால் சுவரில் கோடு போடுவார்கள்.

பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணித்தியாலப் படம் என்றால் 13,500 அடி. ஒரு மெசினில் இருபது நிமிடத்துக்கான சுருள் ஓடி முடிய, மற்ற மெசினில் அடுத்த சுருள் ஆயத்தமாக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னி மறையும், பார்க்கிற ஆட்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அதுதான் உயிர். முதல் பொட்டுக்கு மோட்டரைப் போடுவது, ஏழெட்டு விநாடி கழித்து வருகிற இரண்டாவது பொட்டுக்கு மாற்றுவது. அதனால் ஒப்பரேட்டர் கதையைப் பார்ப்பதில்லை, அந்த மூலையைத்தான் பார்ப்பான். நான் எத்தனையோ படத்தை முப்பது தடவை ஓட்டியிருக்கிறேன், கதையைக் கேட்டால் கோவையாகச் சொல்ல வராது.

படம் அறுவதற்கும் காரணம் உண்டு. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இந்தியப் படம் இறக்குமதி செய்வது அவர்கள் கையில். வருகிற கொப்பிகள் கொஞ்சம். ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் எங்கள் கிழக்குக்கு வரும்போது ஒவ்வொரு சுருளிலும் பத்து இடத்தில் ஒட்டு இருக்கும். அந்த ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்துத் திரும்ப ஒட்டுவதற்கே பகல் முழுதும் போய்விடும். சூறாவளி வருடத்தில் ஒரு மனிதன் பனியிலும் ஈரத்திலும் அந்தக் கொப்பிகளை ஓட்டினார் என்றால், தங்கச்சி, அவர் கெட்டிக்காரன்.

படுவான்கரைப் பொடியன்:

நான் பார்த்தேன். கூரையில்லாமல்தான் பார்த்தேன். உங்கள் அம்மா கண்டது கனவில்லை, மாமாவிடம் இந்த வரியை அப்படியே காட்டுங்கள்.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். 1979 மாசி என்று நினைவு, ஏனென்றால் சித்தப்பா வீட்டுக்குத் தகரமும் ஆணியும் வாங்க டவுனுக்கு வந்தார், நானும் தொற்றிக்கொண்டு வந்தேன். அப்போது மண்முனையில் பாலம் ஏது, அது 2014இல்தானே திறந்தது, துறையால் கடந்து ஆரையம்பதிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். தகரம் கிடைக்கவில்லை. நாளைக்கு வா என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒரே யோசனை, தங்குவதற்கும் இடமில்லை, அந்த நேரத்தில் தியேட்டர் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. போனோம். சிவாஜி படம்.

உள்ளே போனால் நாலு பக்கமும் சுவர் நிற்கிறது, மேலே ஒன்றுமில்லை. முன்பு எந்தத் தியேட்டருக்குப் போனாலும் ஒரு புழுக்கம், பீடி மணம், வியர்வை மணம் இருக்கும், அன்றைக்கு வாவிக் காற்று நேரே உள்ளே வந்தது. வாங்கெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது, சித்தப்பா தோளில் கிடந்த சால்வையை விரித்து என்னை இருத்தினார். திரையின் ஒரு மூலை கிழிந்து சாக்குத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. காற்று அடிக்கும்போது திரை உப்பும், சிவாஜியின் கன்னமும் சேர்ந்து உப்பும், ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு காலமென்றால் காசில்லாத பொடியன்கள் வெளியே தென்னையில் ஏறிப் பார்த்திருப்பார்கள், ஏறுவதற்கு மரம் எங்கே இருந்தது, மதிலுக்கு மேலே வரிசையாக இருந்தார்கள். ஒரு சாவு வீட்டுக் காட்சி வந்தது. கலரியில் முன்னால் இருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள், அந்தக் காட்சி முடிந்து பாட்டு வந்த பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை. சூறாவளியில் யாரைப் பறிகொடுத்தார்களோ.

எங்கள் அப்பப்பா வடமோடிக் கூத்தில் வீமனுக்கு ஆடியவர், படம் என்றால் அவருக்குப் பிடிக்காது, விடிய விடியக் கூத்து இருக்க இது என்னத்துக்கு என்பார். திரும்பிப் போய் வானத்துக்குக் கீழே படம் காட்டினார்கள் என்று சொன்னேன். "அப்ப அதுவும் களரிதான் மனே" என்றார். திறந்த வெளியில் கூத்தாடுகிற களத்தைத்தான் களரி என்பார்கள்.

கச்சான்காரியின் மகள்:

இவ்வளவு நாள் இந்தக் குழுவில் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த வாகை மரத்தடியில் கச்சான் வறுத்து விற்றது என் அம்மா. சட்டி, மணல், சுளகு, குப்பி விளக்கு, பக்கத்தில் நான். சூறாவளிக்கு அந்த மரமும் பாதி முறிந்தது, மிச்சப் பாதிக்குக் கீழேதான் பிறகு இருந்தோம்.

கூரையில்லாமல் படம் ஓடியது நிச்சயம். தூறல் விழுந்தால் ஆட்கள் வெளியே ஓடி வந்து எங்கள் சாக்குப் படங்குக்குக் கீழே நிற்பார்கள், அம்மாவுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். ஒப்பரேட்டர் ஐயாவை எனக்கு நல்ல நினைவு. மெலிந்த மனிதர், கை விரல் எப்போதும் கறுப்பு. ஆறரைக் காட்சிக்கு முன்னால் வந்து ஒரு சுருள் கச்சான் வாங்கிச் சட்டைப் பையில் வைப்பார், தான் சாப்பிட மாட்டார். கூரை போன பிறகு கொஞ்ச நாள் ஒரு சின்னப் பெட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார், அந்தச் சுருள் அவளுக்குத்தான். வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது, பிள்ளையைத் தனியே விட்டு வரப் பயம் என்று என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவள் போட்டிருந்தது நிவாரணத்தில் கொடுத்த சட்டை, கை நீளம், மடித்து விட்டிருக்கும். எனக்கும் அதே துணியில் ஒன்று இருந்தது. அதனால்தான் மறக்கவில்லை.

வாவிக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு அம்மாவை இருத்தி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். நட்சத்திரம் தெரிந்ததா என்று முதலில் கேட்டேன், பழைய ரீல் அண்ணை சொன்னபடி. நட்சத்திரம் பார்க்கவில்லை, ஓட்டையால் திரை மட்டும்தான் தெரியும், ஆனால் அறைக்கு வெளியே வந்தால் தலைக்கு மேலே நிலவு நின்றது என்றார். சட்டைக் கதை வந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பச்சைக் கட்டம் போட்ட துணி" என்று மட்டும் சொன்னார். அக்கா, அது சரியா?

மாமாவுக்கும் அனுப்பினேன். காலையில் போன் எடுத்தார். சூறாவளி முடிந்த கையோடு தன்னைத் திருகோணமலையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அடுத்த வருடம் சித்திரைக்குத்தான் திரும்பி வந்தேன், வரும்போது தியேட்டருக்குப் புதுத் தகரம் போட்டாகிவிட்டது, அது எப்படி எனக்கு நினைவு வராமல் போனது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

கச்சான் ஆச்சி இன்னும் இருக்கிறாரா, எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னார். தனிச் செய்தியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம்.