சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்குப் பச்சைப் பிள்ளைக்கு ஒரு சங்கு வெந்நீரா?

புங்கோல் பூங்கொடி:
எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு குரல்பதிவு சுற்றியது. யாரோ ஓர் அம்மையார், நல்ல கணீர்க் குரல். "சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்குத் தாய்ப்பால் மட்டும் பத்தாது. பிள்ளைக்குத் தாகம் எடுக்கும். காலையில் ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு வெந்நீர் ஊற்றுங்கள். மஞ்சள் காமாலையும் தானாக இறங்கும்" என்கிறார். இதைக் கேட்டுவிட்டு, இப்போதுதான் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த என் தோழி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டாள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே மருத்துவமனையிலும் அதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். வெயில் கொளுத்துகிற நாடுகளிலும் இதே கதைதான். அதற்கு மேல் எதற்கு இன்னொரு சங்கு? இவர்களுக்கெல்லாம் யார் மைக் கொடுத்தது?

ஈசூன் பெரியாத்தா:
மைக் யாரும் கொடுக்க வேண்டாம் பெண்ணே. பெற்று வளர்த்தவர்கள் பேசத்தான் செய்வார்கள். நான் நான்கு பெற்றவள். நான்கு பேருக்கும் சங்கில் வெந்நீர் கொடுத்தேன். மூத்தவன் தேசிய சேவை முடித்து இப்போது கப்பல் பட்டறையில் மேலாளர். ஒரு சங்கு. ஒரே ஒரு சங்கு! அதற்குப் போய் உலகச் சுகாதார நிறுவனத்தைக் கூப்பிடுகிறாயே.

புங்கோல் பூங்கொடி:
மகன் மேலாளர் ஆனதற்கும் சங்குக்கும் என்ன சம்பந்தம் பெரியாத்தா? ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தாத்தாக்களும்தான் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

பச்சைப் பிள்ளையின் சிறுநீரகத்துக்குக் கூடுதல் தண்ணீரை வெளியேற்றும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. ரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச்சத்து இறங்கினால் வலிப்புவரை போகும். அப்புறம், தண்ணீரில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். கடைசியில் "எனக்குப் பாலே இல்லை" என்று அழுதுகொண்டு பால்மாவு டின்னுக்கு ஓட வேண்டியதுதான்.

சும்மா வந்தவன்:
ஒரு சந்தேகம். பிள்ளைக்கு எத்தனை மாதம்? ஆறு மாதம் தாண்டினால் தண்ணீர் கொடுக்கலாம்தானே? சங்கு என்றால் எத்தனை மில்லி? இரண்டையும் சொல்லாமலே சண்டை போடுகிறீர்கள்.

ஈசூன் பெரியாத்தா:
சங்கு என்றால் சங்குதான் தம்பி. உன் வீட்டில் இல்லையா?

நாலாவது மாடி:
எங்கள் வீட்டு வெள்ளிச் சங்கை எடுத்து, காய்ச்சல் மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். மூக்குவரை ஊற்றினால் 25 மில்லி பிடிக்கிறது. சிந்தாமல் கொடுக்க வேண்டுமென்றால் 15.

ஈசூன் பெரியாத்தா:
என்னுடையது அவ்வளவு பெரிதில்லை. மாமியார் காரைக்குடியிலிருந்து கொண்டு வந்தது, கைக்கு அடக்கமானது. சோடியம், சோடியம் என்கிறாயே பூங்கொடி, அந்தச் சின்னச் சங்கில் எவ்வளவு இறங்கிவிடும், சொல்லேன்?

புங்கோல் பூங்கொடி:
சங்கு சின்னதா பெரிதா என்பதா இங்கே பேச்சு? இன்று ஒரு சங்கு, நாளை பிள்ளை அழுதால் இன்னொரு சங்கு, மறுநாள் பாட்டி ஒன்று, அத்தை ஒன்று. யார் கணக்கு வைக்கிறார்கள்? ஒரு சங்கோடு நிறுத்திய வீட்டை எனக்குக் காட்டுங்கள்.

ஈசூன் பெரியாத்தா:
என் வீடு.

இரவுப்பணி தாதி:
பிரசவப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு மாதத்துக்குள் தண்ணீர் வேண்டாம். பால் போதுமா என்ற பயத்தில்தான் பலரும் சங்கைத் தேடுகிறார்கள். அதற்கு டயப்பரைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். பிறந்ததும் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பொதுவாக இரண்டு வாரத்தில் திரும்ப ஏறிவிடும்.

காமாலையைத் தண்ணீர் இறக்காது. தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற கழிவு பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். பிள்ளை அடிக்கடி பால் குடித்தால்தான் மலம் போகும். நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பழைய பால் என்று பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். சேனை வைக்கிறோம் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், இங்கே வந்து கேட்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஈசூன் பெரியாத்தா:
தாதி நல்ல விதமாகச் சொல்கிறார். எல்லாம் சரி. ஆனால் ஒரு சங்கு கெடுதல் என்று அவரும் எழுதவில்லை, பார்த்தீர்களா?

இரவுப்பணி தாதி:
"தண்ணீர் வேண்டாம்" என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறேன் அம்மா.

ஈசூன் பெரியாத்தா:
ஐஸ்கிரீமும்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

புங்கோல் பூங்கொடி:
வேலை முடிந்து களைத்து வந்து ஒரு தாதி இவ்வளவு எழுதியிருக்கிறார். அதிலும் ஓட்டை தேடுகிறீர்களே! உங்களுக்குப் பிள்ளை முக்கியமில்லை, சங்கு ஜெயிக்க வேண்டும்.

கும்பகோணத்து மருமகள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பிரச்சினை தண்ணீர் இல்லை, பத்தியம். மாமியார் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால் சுறாப் புட்டு என்று தட்டை நிரப்புகிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பப்பாளிக்காய் போட்ட மீன் சூப் கொண்டு வந்து கொடுத்தார். அந்தக் காயைப் பார்த்து மாமியார் வாசலிலேயே முகம் சுளித்துவிட்டார். இதில் எதைச் சாப்பிட்டால் பால் ஊறும்?

புங்கோல் பூங்கொடி:
பிடித்ததைச் சாப்பிடுங்கள், பசிக்கு நன்றாகச் சாப்பிடுங்கள். பால் ஊறுவது பிள்ளை சப்புவதால். அடிக்கடி மார்பில் போடுங்கள், இரவுப் பாலையும் விடாதீர்கள். சூப்பைக் குடியுங்கள், ஆன்ட்டி மனம் குளிரட்டும். சுறாவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும், பால் கொடுப்பவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது பல நாடுகளில் சொல்லும் அறிவுரை.

ஈசூன் பெரியாத்தா:
முதலில் தண்ணீர் விஷம். இப்போது பால் சுறாவும் விஷம். இனி தாலாட்டுப் பாடினாலும் காது கெட்டுவிடும் என்பாய்.

நாலாவது மாடி:
தேக்கா சந்தையில் விற்கும் பால் சுறா சின்னது பூங்கொடி. முழ நீளம்கூட இருக்காது. நீங்கள் எந்தக் கடையில் பெரிய சுறாவைப் பார்த்தீர்கள்? சும்மா பயமுறுத்த வேண்டாம்.

புங்கோல் பூங்கொடி:
வாருங்கள். போன வருடம் காது குத்தும் விவாதத்திலும் இப்படித்தான் கடைசியில் வந்து கொளுத்திப் போட்டீர்கள். நான் "பெரிய சுறா" என்றுதான் எழுதினேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

நாலாவது மாடி:
அந்த விவாதத்தில் ஓடிப்போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சும்மா வந்தவன்:
பால்மாவு டின்னுக்கு "ஓடுவது" என்று பூங்கொடி எழுதியது உறுத்துகிறது. என் மனைவிக்குப் பால் போதவில்லை. மருத்துவர் சொல்லித்தான் பால்மாவு கொடுத்தோம். அதைத் தோல்வி மாதிரி பேசாதீர்கள். விலையும் லேசில்லை. 2017ல் இங்கே போட்டித்தன்மை ஆணையம் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள்: 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்து வருடத்தில் 120 விழுக்காடு ஏறி 56 வெள்ளியைத் தொட்டிருந்தது. விரும்பியா வாங்குவார்கள்?

புங்கோல் பூங்கொடி:
மருத்துவர் சொன்னால் அது வேறு. நான் தண்ணீர் ஊற்றிப் பாலைக் குறைத்துக்கொள்பவர்களைப் பற்றி எழுதினேன். ஆனால் ஒன்று: பால் கொடுக்கிற விஷயத்தில் ஆண்கள் தீர்ப்பு எழுத வந்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சும்மா வந்தவன்:
தந்தை விடுப்பு நான்கு வாரத்தையும் எடுத்து, இரவெல்லாம் புட்டி கழுவி வெந்நீரில் போட்டவன் நான். சிரியுங்கள்.

ஈசூன் பெரியாத்தா:
அந்தத் தம்பி புட்டிப்பால் கலக்கவும் தண்ணீர்தானே ஊற்றினார்? அந்தப் பிள்ளைக்கு மட்டும் சோடியம் இறங்கவில்லையா?

இரவுப்பணி தாதி:
பால்மாவில் உப்புச்சத்து கணக்காகச் சேர்த்திருக்கும் அம்மா. டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் பிரச்சினை இல்லை. காசை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் அதே ஆபத்துதான். நான் தூங்கப் போகிறேன்.

ஈசூன் பெரியாத்தா:
ஆக, தண்ணீர் போகலாம். கணக்காகப் போக வேண்டும். ஒரு சங்கு என்பதும் ஒரு கணக்குதானே.

புங்கோல் பூங்கொடி:
ஐயோ சாமி! அவர் சொன்னது என்ன, நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன! சங்கில் ஊற்றுவது வெறும் தண்ணீர், அதில் எந்தச் சத்தும் கிடையாது. என் தோழியின் அடுப்பை நான் போய் அணைத்துவிட்டேன், பால் கொடுக்க ஆலோசகரையும் பார்த்தாகிவிட்டது. பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. தாகமாம், புழுக்கமாம்!

ஈசூன் பெரியாத்தா:
அடுத்தவர் வீட்டு அடுப்பை அணைக்கிற வேலை வேறா?

நாலாவது மாடி:
காது குத்தும் விவாதத்திலும் இதே மாதிரி அடுத்தவர் வீட்டுக்குள் போனவர்தான்.

கும்பகோணத்து மருமகள்:
அப்போ சுறாப் புட்டு சாப்பிடலாமா, கூடாதா?

புங்கோல் பூங்கொடி:
நாலாவது மாடி, காது குத்தும் விவாதத்தில் நீங்கள் என் அம்மாவைப் பற்றி எழுதி, அப்புறம் அழித்த பதிவின் படம் என்னிடம் இருக்கிறது. இப்போது பால் பம்ப் பண்ணும் நேரம். முடித்துவிட்டு வந்து போடுகிறேன், இருங்கள்.