தேர்தல் வரைபடத்தில் இரண்டு கழகங்களுக்கும் என்ன நிறம் கொடுப்பது?

பனைநிழல்:
எங்கள் ஊர்ச் செய்தித் தளத்துக்காக 2021 சட்டமன்றத் தேர்தல் முடிவை அணிவாரியாக, தொகுதி தொகுதியாக வரைந்துகொண்டிருக்கிறேன். நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தி.மு.க., அ.தி.மு.க. இரண்டின் கொடியும் கறுப்பு சிவப்பு, ஒன்றில் நடுவே அண்ணா இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம், அதை வைத்து வரைபடத்துக்கு வண்ணம் அடிக்க முடியாது. சரி என்று சூரியனுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை போட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டு "எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம், இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. நிறத்தை மாற்றினால் வாசகர்கள் குழம்புவார்களே?

கோடும்புள்ளியும்:
நிறத்தை மாற்ற வேண்டாம், அழுத்தத்தை மாற்றுங்கள். சிவப்பை நன்றாக அடர்த்தியாக்குங்கள், பச்சையை வெளிறவிடுங்கள். அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அதிலும் பிரிந்து தெரிந்தால் உங்கள் ஆசிரியருக்கும் தெரியும். பக்கத்தில் விளக்கக் குறிப்பு போடும்போது வெறும் வண்ணக் கட்டம் வைக்காமல் உதயசூரியனையும் இரட்டை இலையையும் வரைந்துவிடுங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்றுதானே சின்னமே கொண்டுவந்தார்கள்? நம் ஆட்கள் கட்சியைச் சின்னத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். சின்னம் இருந்தால் நிறம் எதுவானாலும் குழம்ப மாட்டார்கள்.

வடக்குவீதி:
நிறத்தைவிடப் பரப்பளவு எனக்குப் பெரிய கவலை. அந்தத் தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளும் தி.மு.க. அணிக்கு, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கு. வரைபடத்தில் பாருங்கள், வால்பாறை காடு மலையெல்லாம் சேர்ந்து கோவை அகலமாக நிற்கும், சென்னையின் பதினாறும் ஒரு பொட்டுக்குள் அடங்கிவிடும். மொத்தக் கணக்கு 159க்கு 75, ஆனால் கண்ணுக்கு அந்த அளவு வித்தியாசம் தெரியாது. காட்டுக்கு ஓட்டு இல்லையே. தொகுதிக்கு ஒரே அளவில் ஒரு கட்டம் என்று 234 கட்டங்களை அடுக்கி இன்னொரு படம் போடுங்கள். வரைபடத்தையும் எடுத்துவிடாதீர்கள், தன் ஊரைத் தேடுகிறவர் அதில்தான் தேடுவார்.

அச்சுமை:
கட்டம் போட்டால் பெயரை உள்ளே திணிக்காதீர்கள், சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எந்தக் கட்டத்திலும் அடங்காது. எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி நுணுக்கினால் இகர வளைவும் உகரச் சுழியும் மேல் கீழ் வரியோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டால் பெயர் வரட்டும்.

பனைநிழல்:
அடர் சிவப்பு, வெளிர் பச்சை, பக்கத்தில் சின்னங்கள் என்று மாற்றிக் காட்டினேன். ஆசிரியர் தன் தொகுதியை அவரே விரல் வைத்துக் காட்டினார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். சென்னையின் பதினாறையும் வைக்கும்போது திருவள்ளூர், செங்கல்பட்டுத் தொகுதிகளை எந்தப் பக்கம் தள்ளுவது?