மறு: ரெஸ்பிரேட்டரி டிப்ரெஷன் – ‘மூச்சுத்திணறல்’ சரியா வருமா?

வணக்கம் அண்ணே, நேத்து நீங்க அனுப்பின தமிழ் மருத்துவச் சொல் பட்டியல்ல ரெஸ்பிரேட்டரி டிப்ரெஷனுக்கு (மருந்தால மூச்சு கொறையுறதுக்கு) மூச்சுத்திணறல்னு போட்டிருக்கீங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. நான் மும்பைல எண்டோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு உள்ள பாக்குற) ரூம்ல நிக்கிற மயக்க டாக்டர், தாராவிலேர்ந்து வர்ற நம்ம ஆளுங்களுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழ்ல சொல்றது என் தலைலதான் விழும். திணறல்னா அவங்களுக்கு ஆஸ்துமாக்காரர் எந்திரிச்சு உக்காந்து இழுக்கிறதுதான். இங்க நடக்கிறது நேர் எதிர், ஆளு நிம்மதியா தூங்குற மாதிரியே இருப்பாரு, மூச்சு மட்டும் சத்தமில்லாம கொறையும்.

போன வாரம் ஒரு பாட்டி. தூக்க மருந்து மிடாசோலமும் வலி மருந்து ஃபென்டனிலும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போட்டோம், மூக்குல ஆக்சிஜன் ஓடுது, விரல் கிளிப் ரத்தத்துல ஆக்சிஜன் 98 சதவீதம்னு காட்டுது, ஆனா கேப்னோகிராஃப்ல (வெளிய விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கோடா காட்டுற மெஷின்) மேடு மேடா ஓடின கோடு விட்டு விட்டு வந்து கடைசில தரையோட படுத்துடுச்சு (ஆக்சிஜன் ஓடும்போது அந்த நம்பர் இறங்க லேட்டாகும், விரலை மட்டும் நம்பினா போச்சு). தோளைத் தட்டி "பாட்டி, மூச்ச இழுங்க"ன்னேன், இழுத்தாங்க, திரும்ப மறந்தாங்க, தாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே சொல்லிட்டிருந்தேன். வெளிய வந்ததும் பொண்ணு "அம்மாவுக்குத் திணறுச்சா டாக்டர்?"னு கேட்டுச்சு. திணறியிருந்தா மெஷினே வேணாமேம்மா, கண்ணாலயே பாத்திருப்பேன்னேன்.

‘மூச்சடங்கல்’ அழகாத்தான் இருக்கு, ஆனா மூச்சு அடங்கிடுச்சுன்னா ஊர்ல பாடை கட்டப் போயிடுவாங்க, எவன் கையெழுத்து போடுவான்? ‘மூச்சழுத்தம்’ வேணவே வேணாம், பிபி மாதிரி ஒண்ணுன்னு நினைப்பாங்க.

என் ஓட்டு ‘மூச்சு மந்தம்’. வயித்து மந்தம் தெரியாத வீடு இல்ல, வேலை நிக்கல, சுணங்கிடுச்சு, அவ்வளவுதான். அதே அச்சுல பிராடிகார்டியாவுக்கு (இதயத்துடிப்பு கொறையுறதுக்கு) ‘நாடி மந்தம்’, டெக்ஸ்மெடிடோமிடின்ங்கிற இன்னொரு தூக்க மருந்து போட்டா பாக்குறது அது. பாட்டிக்குக் கடைசில ஆன மாதிரி மூச்சே வராம போனா ‘மூச்சு நிறுத்தம்’. நாக்கு பின்னாடி சரிஞ்சு அடைக்கிறதை இதுங்களோட சேக்காதீங்க, அதுல நெஞ்சு ஏறி இறங்கும், காத்துதான் போகாது, அது ‘மூச்சுவழி அடைப்பு’.

ஒண்ணு பாக்கி. மிடாசோலத்தை முறிக்கிற ஃப்ளூமசெனில் மருந்து போட்டு எழுப்பினவங்க, அதோட வேலை மிடாசோலத்துக்கு முன்னாடியே தீர்ந்து திரும்ப அசந்துடுவாங்களே, அதுக்கு நீங்க போட்ட ‘மறுதணிப்பு’ எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் புரிஞ்சுது. இங்க வார்டுல நம்ம அக்கா ஒருத்தங்க "திரும்பக் கண்ணு சொருகுது டாக்டர்"னு சொல்லிக் கூப்பிடுவாங்க, அதுலேர்ந்து ஏதாச்சும் தேறுமா பாருங்கண்ணே.