உக்ரைனின் டாங்கிப் பிரிகேடு: அருகிலிருந்து கண்டவர்களின் அனுபவங்கள்

மதுரை மருத்துவர்:

நான் 2016 முதல் 2022 வரை கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தேன். நாள்தோறும் நான் சென்ற மெட்ரோ பாதையில் 'மாலிஷெவ் தொழிற்சாலை' என்றொரு நிலையம் இருந்தது. அந்தப் பெயரை ஆறு ஆண்டுகள் கடந்து போயிருந்தும், டாங்கிகள் பிறக்கும் இடம் அது என்பதைப் போர் மூண்ட பிறகுதான் மனத்தில் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற டி-34 டாங்கி இந்நகரில்தான் வடிவமைக்கப்பட்டது. அதன் தலைமை வடிவமைப்பாளர் மிகைல் கோஷ்கின் 1940-இல் மாதிரி டாங்கிகளுடன் கார்கிவிலிருந்து மாஸ்கோ வரை குளிரில் பயணம் செய்து, நுரையீரல் அழற்சிக்கு ஆளாகி, அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் மொரோசோவ் தலைமையில் உருவான டி-64 தான் இன்றும் உக்ரைன் டாங்கிப் படையின் முதுகெலும்பு.

2022 மார்ச் 2 அன்று, கார்கிவிலுள்ள இந்தியர்கள் உடனே வெளியேறி பிசோசின், பாபாய், பெஸ்லுதிவ்கா ஆகிய ஊர்களுக்கு நடந்தாவது சென்றுவிட வேண்டும் என்று நம் தூதரகம் அறிவித்தது. பிசோசின் சாலையில் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, துப்பாக்கிக் குழாயே இல்லாத ஒரு கவச வண்டி, ஒரு டாங்கியை இரும்புக் கம்பிவடத்தால் இழுத்து வந்தது. அதன்மேல் அமர்ந்திருந்த வீரர்களின் கைகள் முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பாக இருந்தன. பின்னால் எண்ணெய் லாரிகளும் கூடாரத் துணி போர்த்திய லாரிகளும் வரிசையாக வந்தன. அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த டாங்கிகள் இரண்டு; லாரிகள் இருபதுக்கு மேல் இருக்கும். ஒரு டாங்கிக்கு இத்தனை வண்டிகள் எதற்கு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது. படையில் பணியாற்றியவர்கள் இங்கே இருந்தால் விளக்க வேண்டுகிறேன்.

ஆவடியில் வசிக்கும் முன்னாள் படைவீரர்:

மருத்துவர் தங்கைக்கு வணக்கம். நான் இந்தியக் கவசப் படையில் டி-72 டாங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அஜேயா டாங்கிதான் (டி-72-க்கு நம் நாட்டில் வைத்த பெயர்) எனக்குச் சோறு போட்டது என்பதால், அதன் மூத்த உறவான டி-64 பற்றிப் பேச எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். உக்ரைனில் பிளாட்டூன் என்னும் மிகச் சிறிய குழு ஒன்றுக்கு 3 டாங்கிகள். மூன்று பிளாட்டூன்களும் கம்பெனித் தலைவரின் டாங்கியும் சேர்ந்தால் 10. மூன்று கம்பெனிகளும் தளபதியின் டாங்கியும் சேர்ந்த பட்டாலியனுக்கு 31. 2022-இல் டாங்கிப் பிரிகேடு என்ற பெரிய படைப்பிரிவு ஒன்றில் இப்படி மூன்று பட்டாலியன்கள், அதாவது ஏட்டின்படி 93 டாங்கிகள் இருந்தன. நம் ரெஜிமெண்டில் 45 இருப்பதோடு ஒப்பிட்டால் அவர்களுடைய பட்டாலியன் சிறியது. கட்டளையிடுவது எளிது, ஆனால் நான்கைந்து டாங்கிகள் பழுதானாலே பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்த 93 டாங்கிகள் தனியாகப் போருக்குப் போகவில்லை. பிஎம்பி கவச வண்டிகளில் செல்லும் காலாட்படைப் பட்டாலியன் ஒன்று உடன் சென்றது. 122 மி.மீ. கிவோஸ்திகா, 152 மி.மீ. அகாட்சியா ஆகிய தாமே நகரும் பீரங்கி வண்டிகளும், கிராட் ராக்கெட் வண்டிகளும் கொண்ட பீரங்கிப் பிரிவு ஒன்று இருந்தது. வானிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க ஸ்திரேலா-10 போன்ற ஏவுகணை வண்டிகள் இருந்தன. உளவு, பொறியியல், தகவல் தொடர்பு, மருத்துவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பழுதுபார்க்கும் பிரிவும் எரிபொருளும் குண்டும் சுமக்கும் பிரிவும் இருந்தன. நீங்கள் பார்த்த குழாயில்லாத வண்டி மீட்பு வண்டி. பழுதான டாங்கியைக் களத்திலிருந்து இழுத்துவருவதே அதன் வேலை. என் பணிக்காலத்தில் பாலைவனப் பயிற்சியில் மணலில் புதைந்த என் டாங்கியை அத்தகைய வண்டி ஒன்று விடியும் வரை போராடி வெளியே எடுத்தது. அன்றிலிருந்து பழுதுபார்ப்பவர்களை நான் முதல் வரிசைப் படைவீரர்களாகவே மதிக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உக்ரைனின் இயந்திரமயக் காலாட்படைப் பிரிகேடுகளிலும் தலா ஒரு டாங்கிப் பட்டாலியன் இருந்தது. கார்கிவைக் காத்துநின்ற 92-ஆம் பிரிகேடு அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே நீங்கள் பார்த்தவை டாங்கிப் பிரிகேடைச் சேர்ந்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சிக்குச் சென்றபோது, டி-64-இல் பணியாற்றிய வெளிநாட்டு முதியவர் ஒருவரை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சந்தித்தேன். நான் டி-72 ஓட்டியவன் என்றதும் காகிதத்தில் எஞ்சினை வரைந்து காட்டத் தொடங்கிவிட்டார். எங்கள் எஞ்சினில் 12 சிலிண்டர்கள், கிட்டத்தட்ட 39 லிட்டர் கொள்ளளவு, 780 குதிரைத்திறன். அவருடையதில் 5 சிலிண்டர்கள்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடுகின்றன. வெறும் 13.6 லிட்டரில் 700 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதனால்தான் டி-64 அவ்வளவு தாழ்வாகவும் அடக்கமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சின் புழுதியைத் தாங்காது, தேர்ந்த கைகள் கவனித்தால்தான் ஓடும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு டாங்கிகளிலும் மூன்று பேர்தான். குண்டை இயந்திரமே நிரப்பும். டி-72-இன் சுழல் தட்டில் 22 குண்டுகள் படுக்கை வாக்கில் கிடக்கும். டி-64-இல் 28 குண்டுகள்; அவற்றின் வெடிமருந்து உறைகள் வீரர்களைச் சுற்றிலும் நிமிர்ந்து நிற்கும். நிரப்புவது விரைவு. ஆனால் கவசம் துளைக்கப்பட்டு அந்த மருந்து பற்றிக்கொண்டால் மேற்பகுதியே பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். இதே ஆபத்து டி-72-க்கும் உண்டு. அந்தத் தட்டின்மேல் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால், போர்ப் படங்களில் மேற்பகுதி இல்லாத டாங்கியைப் பார்க்கும்போதெல்லாம், அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், உள்ளே இருந்த மூன்று பேரை நினைத்து வருந்துகிறேன்.

போலந்தில் பணிபுரிபவர்:

நான் ஜெஷூவ் நகரில் வேலை செய்கிறேன். 2022 வசந்த காலத்தில் ஒரு ரயில் கடவையில் நின்றபோது, திறந்த சரக்குப் பெட்டிகளில் துணி போர்த்திய டாங்கிகள் கிழக்கு நோக்கிச் செல்வதைப் பார்த்தேன். போலந்து அந்த ஆண்டு இருநூறுக்கும் மேற்பட்ட டி-72 டாங்கிகளை உக்ரைனுக்கு அளித்தது. செக் குடியரசும் கொடுத்தது. டி-72, டி-64 இரண்டும் சோவியத் மரபில் வந்தவை என்பதால் அதே 125 மி.மீ. பீரங்கிதான். உக்ரைன் வீரர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவாக இருந்தது.

அடுத்து வந்தவை அப்படியல்ல. ஸ்லோவேனியா கொடுத்த 28 பழைய டாங்கிகளிலும் ஜெர்மன் டாங்கியான லெப்பர்ட் 1-இலும் 105 மி.மீ. பீரங்கி, லெப்பர்ட் 2-இலும் 31 அமெரிக்க ஆப்ரம்ஸ் டாங்கிகளிலும் 120 மி.மீ. பீரங்கி; பிரிட்டன் அளித்த 14 சேலஞ்சர் 2 டாங்கிகளின் பீரங்கியும் 120 தான் என்றாலும் உட்குழாயில் வரிப்பள்ளம் கொண்டது என்பதால், லெப்பர்டின் குண்டு அதற்குச் சேராது. குண்டு சுமக்கும் லாரி ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்த மேற்கத்திய டாங்கிகளில் பெரும்பாலானவை டாங்கிப் பிரிகேடுகளுக்குச் செல்லாமல், 33, 47 போன்ற இயந்திரமயப் பிரிகேடுகளுக்கும் வான்வழித் தாக்குதல் பிரிகேடுக்கும் சென்றது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். பழுதான லெப்பர்ட் 2 டாங்கிகளைச் சீர்செய்ய 2023-இல் போலந்தின் கிலிவிட்சே நகரில் பணிமனை தொடங்கப்பட்டது. உதிரிபாகத்துக்காக எல்லை தாண்டி வரவேண்டிய டாங்கிக்கும், கார்கிவ் தொழிற்சாலை அறிந்த டி-64-க்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரிகிறது.

தொண்டு நிறுவன ஊழியர்:

2022 கோடையில் பணி நிமித்தமாகச் செர்னிகிவ் நகரில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பெலாரஸ் எல்லைக்கு அருகிலுள்ள அந்நகரைக் காத்தவர்களில் முதன்மையானது 1-ஆம் டாங்கிப் பிரிகேடு. அதன் நிலையான முகாம் ஹொன்சாரிவ்ஸ்கே. அப்போதைய தளபதி லியோனிட் கோடா படையெடுப்புக்கு முன்பே டாங்கிகளை முகாமிலிருந்து வெளியேற்றிக் காடுகளில் பிரித்து நிறுத்தியிருந்தார். கீவை நோக்கி வந்த ரஷ்யப் படைகள் மார்ச் இறுதி வரை செர்னிகிவைக் கைப்பற்ற முடியாமல் பின்வாங்கின.

நான் சந்தித்த வீரர் ஒருவர் அந்தப் பிரிகேடில் டாங்கி ஓட்டியவர். 93 டாங்கிகளும் ஒன்றாகப் பாய்ந்து செல்லும் காட்சியை எதிர்பார்த்து நான் கேள்வி கேட்டேன். இரண்டு, மூன்று டாங்கிகளாகப் பிரிந்து, ஒரு காலாட்படைப் பிரிவுக்குத் துணையாகப் போய்ச் சில குண்டுகள் சுட்டுவிட்டு இடம் மாறுவதே தாங்கள் செய்தது என்று அவர் விளக்கினார். பின்னர் டிரோன்கள் பெருகியதும் இது இன்னும் கடினமாகிவிட்டது. டாங்கியைக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்து, மரங்களுக்கடியில் மறைத்து, கண்ணுக்குத் தெரியாத இலக்கின்மீது பீரங்கியைப் போலத் தொலைவிலிருந்து சுடுவது வழக்கமாயிற்று. டாங்கிப் பிரிகேடுகள் பின்னர் கனரக இயந்திரமயப் பிரிகேடுகளாக மாற்றப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. களத்தில் அவை முன்பே அப்படித்தான் சிதறிப் போரிட்டன.

மதுரை மருத்துவர்:

ஐயா, அனைவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம். அன்று இழுத்துச் செல்லப்பட்ட டாங்கியின் சக்கரங்கள் மிகச் சிறியவை, தட்டுகளைப் போல மெலிந்தவை என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

ஆவடியில் வசிக்கும் முன்னாள் படைவீரர்:

அப்படியானால் அது டி-64 தான், தங்கையே. டி-72-இன் சக்கரங்கள் பெரியவை, ரப்பர் விளிம்பு வெளியே தெரியும். நீங்கள் பார்த்தது உங்கள் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே பிறந்த டாங்கி.