புதுப்பிப்பு: ஜெனரேட்டர் ஓடியும் சர்வர் அறை சூடான பிரச்சினை

அம்பத்தூரில் நாங்கள் நடத்தும் சிறிய டேட்டா சென்டரில், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது, ஆனாலும் அறை சூடாகி சர்வர்கள் அணைந்துவிடுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

யுபிஎஸ் சர்வர்களை மட்டும்தான் தாங்கியது. ஏசிக்கு மின்சாரம் திரும்பினாலும் கம்ப்ரசர் உடனே கிளம்பாது. உள்ளே அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் காத்திருக்கும். மே மாதத்தில் கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை, வந்து வந்து போகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். சர்வர்களோ நிற்காமல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது, வெளி மின்சாரம் பத்து நிமிடம் நிலையாக இருந்தால்தான் ஜெனரேட்டரிலிருந்து மாறும்படி வைத்திருக்கிறோம். ஏசியின் காற்றாடிகளும் யுபிஎஸ்ஸில்தான். அப்புறம், சர்வர்களை அடுக்கி வைக்கும் ரேக்குகளின் காலி இடங்களைத் தகடு போட்டு மூடினோம். செய்ததிலேயே மலிவான வேலை இது, பலனோ அதிகம்! பின்பக்கத்துச் சூடான காற்று முன்னால் சுற்றி வருவது நின்றது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. கடந்த மின்வெட்டிலும் அதைத் தாண்டவில்லை.

யுபிஎஸ் பேட்டரிகளைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சரி, டீசல் தொட்டியில் தண்ணீர் சேர்வது மட்டும் இன்னும் தீரவில்லை. மழைக்காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?