டிரான்ஸாக்சில்: 'குறுக்கச்சு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபெராரி 550 மரனெல்லோவின் விவரப் பட்டியலைத் தமிழில் எழுதும் வேலை ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. 1996-இல் வெளிவந்த கார். முன்புறம் 65 பாகை வி-12 எஞ்சின், துளை 88 மி.மீ., வீச்சு 75 மி.மீ., கொள்ளளவு 5,474 க.செ.மீ., நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 485 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 320 கி.மீ. இதுவரை தடங்கல் இல்லை. அடுத்த வரி: 'ஆறு கியர், பின்புற டிரான்ஸாக்சில்'. பழைய வரைவில் இதற்குக் 'குறுக்கச்சு' என்று போட்டிருக்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?

---

> பழைய வரைவில் இதற்குக் 'குறுக்கச்சு' என்று

வேண்டாம் ஐயா. 'டிரான்ஸ்' என்றதும் 'குறுக்கு' என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. அந்தச் சொல்லில் உள்ள 'டிரான்ஸ்', டிரான்ஸ்மிஷனின் தலைப்பகுதி. 'குறுக்கச்சு' என்று படிப்பவர் இடமிருந்து வலமாகப் போகும் ஒரு கம்பியைத்தான் நினைப்பார். அப்படி ஒன்று எந்தக் காரிலும் இருக்கத்தானே செய்யும்?

பொருளைப் பார்ப்போம். கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் (வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. 550-இல் எஞ்சினும் கிளட்சும் முன்னால், இந்தக் கூடு பின்சக்கரங்களுக்கு நடுவில். எஞ்சினின் கனத்துக்கு எதிர்க்கனம் பின்னால் கிடைக்கிறது. 2006-இல் வந்த 599 ஜிடிபி ஃபியொரானோவும் இதே அமைப்புதான். எஞ்சின் முன்னால் இருந்தும் எடைப் பகிர்வு முன் 47, பின் 53 விழுக்காடு.

இத்தாலியர் இதை 'காம்பியோ-திஃபெரென்ஸியாலே' தொகுதி என்பார்கள்: கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லைப் பிளந்து பார்க்காமல் உள்ளே இருப்பதைச் சொல்கிறார்கள். நாமும் அந்த வழியில் போகலாம். கியருக்குத் தமிழில் பல்லிணை. என் பரிந்துரை: 'பின்பல்லிணைப் பெட்டி'.

இன்னொன்று. இத்தாலியப் பட்டியலில் வரும் 'சிவி' மெட்ரிக் குதிரைத்திறன், 735.5 வாட். பிரிட்டிஷ் குதிரைத்திறன் 745.7 வாட். 485 சிவி அந்தக் கணக்கில் 478தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், எண் தவறு என்று யாராவது கிளம்பி வருவார்கள். 357 கிலோவாட் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

---

> என் பரிந்துரை: 'பின்பல்லிணைப் பெட்டி'

'பின்' ஒட்டாது. மாருதி 800-இல் இருப்பதும் டிரான்ஸாக்சில்தான், முன்னால் இருக்கிறது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் எஞ்சினே பின்னால். 'முன்புறப் பின்பல்லிணைப் பெட்டி' என்று எழுத நேர்ந்தால் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு சொல் கட்டாயம் வேண்டும். மசெராட்டி கிரான்டூரிஸ்மோவைப் பாருங்கள். 2007-இல் வந்த 4.2 லிட்டர் காரில் தானியங்கி கியர் பெட்டி எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது, எடை 49:51. மறு ஆண்டு வந்த 4.7 லிட்டர் 'எஸ்' காரில் கியர் பெட்டி டிஃபரன்ஷியலோடு சேர்ந்து பின்னால் போய்விட்டது, 47:53. உடல் அதேதான். பட்டியலில் இரண்டுக்கும் 'ஆறு கியர்' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

'பல்லச்சுப் பெட்டி' எப்படி?

---

பல்லச்சு என்றால் பல அச்சுகள் கொண்ட லாரி. இல்லாவிட்டால் பல் மருத்துவர் எடுக்கும் அச்சு. 'அச்சுப்பெட்டி' என்று சுருக்கினால் அச்சகத்துக்குப் போய்விடும். 'அச்சிறும்' என்று குறளில் வருவது வண்டியின் அச்சுதான், பழுதில்லாத சொல். ஆனால் இன்று அதன் மேல் சுமை அதிகம். (அச்சாணி என்று எழுதிவிடாதீர்கள். அது சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி.)

மாட்டுவண்டிக்காரர் சொல் ஒன்று கைவசம் இருக்கிறது: இருசு. அகராதியிலும் வண்டியச்சு என்றே பொருள். வேறு எதனோடும் குழம்பாது. 'இருசுப் பல்லிணைப்பெட்டி' என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு 'இருசுப்பெட்டி'.

---

இருசு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் 550-இல் இருசே கிடையாதே! நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல். பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் அரைத்தண்டுகள்தான் போகின்றன. 1972-இன் ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவில் சக்கரங்களை இணைக்கும் டி டியான் குழாய் தனி, பெட்டி தனி. இல்லாத உறுப்பின் பெயரைப் பெட்டிக்கு வைக்கலாமா?

---

> 550-இல் இருசே கிடையாதே!

தண்டு இல்லை, கோடு இருக்கிறது. 'பின் இருசின் மேல் இவ்வளவு எடை' என்று தனித்தொங்கல் கார்களுக்கும் சொல்கிறோம். அந்தக் கோட்டில் உட்கார்ந்து, அங்கிருந்தே சக்கரங்களைச் சுழற்றும் பெட்டி என்று வரையறுத்தால் 550, மாருதி, பீட்டில் மூன்றும் அடங்கும். 'பெட்டி' என்பதும் இருக்கட்டும். ஒரே கூடு என்பதால் பல கார்களில் எண்ணெயும் ஒன்றே. கிரவுன்-பினியனுக்கு (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பல்சக்கர இணை) அழுத்தம் தாங்கும் சேர்மானம் வேண்டும். அதுவே மிகுந்தால், கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் பிடிக்காமல் வழுக்கும், கியர் உரசிக்கொண்டு விழும். தயாரிப்பாளர் சொன்ன தரத்தை விட்டு 'கெட்டியான' எண்ணெயை ஊற்றிவிட்டு, பெட்டியைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது.

கலைச்சொல் பட்டியலில் இன்னும் இரண்டு உறுப்புகள் சேர வேண்டும்.

ஒன்று, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் நீண்ட தண்டு. கியர் பெட்டி முன்னால் இருந்தால், முதல் கியரின் விகிதம் மூன்று என்று வைத்துக்கொண்டால், தண்டு எஞ்சின் முறுக்குவிசையைப் போல மூன்று மடங்கு தாங்க வேண்டும். பெட்டி பின்னால் போனால் எஞ்சின் தருவதை மட்டும் தாங்கினால் போதும். அதனால் தண்டு மெலியலாம். ஆனால் எல்லாக் கியரிலும் எஞ்சின் வேகத்திலேயே சுழலும். நேர்கோடு சற்றுப் பிசகினாலும் அதிரும். 1964-இன் ஃபெராரி 275 ஜிடிபியில் பட்ட பாடு இதுதான்: மெல்லிய தண்டு, நடுவில் ஒரு தாங்கி, எஞ்சினும் பெட்டியும் சட்டத்தில் தனித்தனியாகப் பொருத்தம். 1966-இல் இரண்டையும் ஒரு விறைப்பான குழாயால் பிணைத்து, தண்டை அதற்குள் ஓடவிட்டார்கள். 'டார்க் டியூப்' என்பதை வரைவில் 'முறுக்குக் குழாய்' என்று எழுதியிருக்கிறார்கள். தீபாவளிப் பலகாரம் நினைவுக்கு வருகிறது. அதன் வேலை பிணைப்பது; 'பிணைப்புக்குழாய்' போதும்.

இரண்டாவது, ஆல்ஃபெட்டாவின் தண்டில் வரும் ரப்பர் வட்டு. 'ஜுந்தோ போஸ்கி', அதாவது போஸ்கியின் இணைப்பு என்ற பெயரைச் சிதைத்துத்தான் உலகம் 'குய்போ' என்கிறது. 'நெகிழ்பிணை' என்கிறேன். ஆல்ஃபெட்டாவில் மூன்று: எஞ்சின் பக்கம், நடுவில், கிளட்ச் பக்கம். அங்கே கிளட்சும் பின்னால்தான். ஆகவே நியூட்ரலில் கிளட்சை மிதித்து வைத்தாலும் தண்டு சுழலும். நின்ற வண்டியில் எஞ்சின் வேகத்தை ஏற்ற அதிர்வும் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்; போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பு தெரியும். முன் வட்டில் எஞ்சின் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தால் ரப்பர் உப்பியிருக்கும்.

---

நெகிழ்பிணைக்கு என் ஆதரவு. பராமரிப்புக் குறிப்பில் இதையும் சேருங்கள்: புது வட்டு உலோகப் பட்டையால் இறுக்கப்பட்டு வரும். எல்லா போல்ட்டையும் போட்டு முறுக்கிய பிறகே பட்டையை வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் ரப்பர் விரிந்து துளைகள் நேருக்கு நேர் வராது. தண்டின் இரு பாதிகளும் சேர்த்துச் சமநிலை செய்யப்பட்டவை, கழற்றுமுன் இரண்டிலும் அடையாளக் கோடு போட வேண்டும். எஞ்சின் தாங்கு ரப்பர் தொய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். கோணம் பிசகிய தண்டில் புது வட்டும் விரைவில் கிழியும்.

---

அப்படியானால் 550-இன் வரி இப்படி: 'ஆறு கியர், பின்புற இருசுப் பல்லிணைப்பெட்டி, கிளட்ச் எஞ்சின் பக்கம்.' கிளட்ச் எங்கே என்பதைத் தனியாக எழுதியதற்குக் காரணம், ஆல்ஃபெட்டாவும் இதே பட்டியலில் வருகிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். 'இருசு' உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், எனவே 'ப்' மிகுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். 'அரசுப் பேருந்து' என்று எழுதுகிறோம் அல்லவா, அதே கணக்கு.