ஜேபி (ஜோகூர் பாரு)–சிங்கப்பூர் தினசரிப் பயணம்: அழைப்புக்குக் காசு பிடிப்பதை எப்படித் தவிர்ப்பது?

தம்போய்வாசி:
வீடு ஜேபியின் தம்போயில், படிப்பு சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் ரிபப்ளிக் பாலிடெக்னிக்கில். காலையில் போய் ராத்திரி திரும்புகிறேன். இருப்பது மலேசிய பிரீபெய்ட் சிம் ஒன்றுதான். பாலம் தாண்டிவிட்டால் அம்மாவின் அழைப்பை எடுத்தாலும் காசு, சில நேரம் எடுக்காவிட்டாலும் காசு! டேட்டா ரோமிங்கை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். சிங்கப்பூர் சிம் வாங்கினால் தீருமா? வங்கியின் டிஏசி (பணப் பரிவர்த்தனையை உறுதிசெய்ய எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்) பழைய எண்ணுக்கு வருவதால் அதை விட முடியாது.

கிராஞ்சிக்காரன்:
டேட்டா ரோமிங்கை அணைத்தால் இணையம் மட்டும்தான் நிற்கும். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எடுக்காத அழைப்புக்குக் காசு போவது வாய்ஸ்மெயிலால். அழைப்பு மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் வரை வந்து, நீங்கள் எடுக்காததால் திரும்ப மலேசிய வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. வந்த வழி, போன வழி இரண்டும் உங்கள் தலையில். ஜேபியில் இருக்கும்போதே ##004# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். எடுக்காதபோது, பிஸியாக இருக்கும்போது, தொடர்பில் இல்லாதபோது என மூன்று திருப்பலும் ரத்தாகும். *#61# அடித்துச் சரிபார்க்கலாம். இரண்டு சிம் போட்ட போனில் இது மலேசிய சிம் வழியாகப் போகிறதா என்று பாருங்கள், பலர் கோட்டை விடும் இடம் அது. மிஸ்டு கால் எஸ்எம்எஸ் சேவை இருந்தால் அதுவும் கூடவே நின்றுவிடும்.

பிறகு அம்மாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். மலேசிய சிம்மை அணைக்க வேண்டாம். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, டிஏசி வந்துவிடும்.

ஸ்துலாங்_கலா:
சிங்கப்பூர் சிம் கட்டாயம் வாங்குங்கள் தம்பி. பாஸ்போர்ட்டோ சிங்கப்பூர் அரசு தரும் மாணவர் பாஸோ (Student's Pass) வேண்டும். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணே ஓடும்.

வீட்டில் சாதாரண தொலைபேசி மட்டும் இருந்தால் சிங்கப்பூர் சிம்மிலிருந்து நீங்கள்தான் கூப்பிட வேண்டும். + போட்டு அடிக்காதீர்கள், அது விலை கூடிய வழியில் போகலாம். சிங்டெல் என்றால் 019, ஸ்டார்ஹப் என்றால் 018 முன்னால் போடுங்கள். ஜேபி வீட்டு எண்ணுக்கு 019-60-7, பிறகு மீதி எண். 07-இல் உள்ள பூஜ்யம் வராது. எந்தத் திட்டத்துக்கு இந்த முன்னெண் செல்லும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

எல்லைக்கரையில் இன்னொரு தொல்லை. ஸ்துலாங், டாங்கா பே பக்கம் சிங்கப்பூர் கோபுரத்தின் சிக்னலும் எட்டும், ஆனால் போன் மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, சிங்கப்பூர் சிம்முக்கு அதன் சொந்த நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். தம்போய் அளவுக்கு உள்ளே போனால் "சேவை இல்லை" என்று வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். மலேசிய சிம்முக்கு இதைச் செய்யாதீர்கள், உட்லண்ட்ஸில் டிஏசி வராது.

சிம்தட்டு:
பழைய போன் என்றால் சிம் வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே போய்விட்டது, 3ஜியும் 2024-இல் மூடப்பட்டது. வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாத போனில் இணையம் வரும், அழைப்பு வராது. மலேசியாவில் 2ஜி இருப்பதால் அதே போன் ஜேபியில் நன்றாகப் பேசும். அதனால்தான் பலர் சிம்மைக் குறை சொல்கிறார்கள்.

ஐபோன்காரர்களுக்கு: ஒரே தட்டில் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டால் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணைப் பதிவு செய்யச் சத்தமில்லாமல் வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்கும் காசு. ஒன்றை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) வாங்கிவிட்டால் மாற்றும் வேலையே இல்லை.

தம்போய்வாசி:
##004# அடித்துவிட்டேன், *#61# இப்போது "முடக்கப்பட்டது" என்று காட்டுகிறது. போனில் வோல்ட்இ இருக்கிறது. இ-சிம் வசதி இல்லை, ஆனால் தட்டில் இரண்டு சிம் வைக்கலாம். நன்றி அக்கா, அண்ணே.